முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு: வேலூர் லாட்ஜ் ஒன்றின் வழக்கு

பின்னணி

வேலூர் காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் இருக்கும் லாட்ஜ்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் அல்ல. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கும் நோயாளிகளும் அவர்களோடு வருபவர்களும்தான். பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து இருக்கும். வாடகைக்கு கேஸ் அடுப்பும் பாத்திரமும் கிடைக்கும். ஒரு வாரம் என்று வருவார்கள், பரிசோதனை முடிவுக்காக இருபது நாள் தங்குவார்கள்.

இந்த வழக்கின் மனுதாரர் அப்படியொரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். வயது ஐம்பதுக்கு மேல், ஆம்பூர் பக்கத்துக்காரர். லாட்ஜில் பதினான்கு அறைகள், ரிசப்ஷனில் ஒரு பையன், கூட்டிப் பெருக்க இரண்டு பெண்கள். பொதுத்துறை வங்கி ஒன்றில் நடப்புக் கணக்கு வைத்திருந்தார். லாட்ஜின் வரவு செலவு முழுக்க அந்த ஒரே கணக்கில்தான். வாடகைப் பணம் பாதிக்கு மேல் ஜிபே, போன்பே வழியாக வந்தது.

அவருடைய வழக்கறிஞர் நான். யார் என்று அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை விட்டிருக்கிறேன். வங்கி, காவல் நிலையம், மாநிலம் ஆகியவற்றின் பெயரும் இங்கே இல்லை.

என்ன நடந்தது

2024 அக்டோபரில் ஒரு நாள் காலை, மின்கட்டணம் கட்டப் போன ரிசப்ஷன் பையனுக்குப் பணம் போகவில்லை. சர்வர் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் கட்டட உரிமையாளருக்குக் கொடுத்திருந்த ரூ.65,000 குத்தகைக் காசோலை திரும்பி வந்தது. காரணம் என்ற இடத்தில் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. கணக்கில் அன்று ரூ.3.8 லட்சம் இருந்தது.

வங்கியிலிருந்து கடிதமோ குறுஞ்செய்தியோ வரவில்லை. போய்க் கேட்டபோது மேலாளர், "சைபர் கிரைம்ல இருந்து வந்திருக்கு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, அவங்ககிட்ட என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்க" என்றார். என்.ஓ.சி. என்றால் ஆட்சேபமில்லை என்ற சான்று. அவங்க என்றால் யார் என்பதற்குக் கவுன்ட்டரில் பதில் இல்லை.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு அவர் வந்தது அதற்குப் பிறகு. "பதினாறு வருஷமா லாட்ஜ் நடத்தறேன் வக்கீல் சார், ஒரு பெட்டி கேஸ்கூட கிடையாது. இன்னா தப்பு பண்ணேன்னாவது சொல்லணும் இல்ல?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சட்டப்படியும் அதுவே முதல் கேள்வி.

அதைவிட அவசரமாக ஒன்று இருந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன் கீழ், காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் உரிமையாளர் நோட்டீஸ் விடலாம். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் குற்ற வழக்கு. காவல்துறை முடக்கிய கணக்குக்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்று வாதாட இடம் உண்டு. ஆனால் ஒரு முடக்கத்தைச் சரிசெய்ய வந்தவரை இன்னொரு வழக்கில் வாதாட வைப்பதில் பொருளில்லை. மச்சான் கணக்கிலிருந்து குத்தகைப் பணம் அன்றே போனது. உரிமையாளரிடம் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கினோம். கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கு அந்த மாதச் சம்பளம் நகையை அடகு வைத்த பணத்தில் கொடுக்கப்பட்டது. அடகு ரசீது பிற்பாடு மனுவில் ஓர் ஆவணமானது.

வங்கியிடமிருந்து கிடைத்தவை

வாய்வார்த்தையை நிறுத்திவிட்டு வங்கிக்கு எழுத்தில் நான்கு கேள்விகள் கேட்டோம். எந்தக் காவல் அதிகாரி, எந்தச் சட்டப் பிரிவில், எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு? ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் கிளைக்கும், நகல் வட்டார அலுவலகத்துக்கும் போனது. கவுன்ட்டரில் வாயே திறக்காத கிளை, வட்டார அலுவலகம் கேட்ட பிறகு ஒரு பக்கப் பதில் அனுப்பியது. அதில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தின் ஒப்புகை எண், வடமாநிலக் காவல் நிலையம் ஒன்றின் மின்னஞ்சல், ஒரு பரிவர்த்தனை எண், தொகை ரூ.22,000 ஆகியவை இருந்தன. சட்டப் பிரிவுக்கான இடம் காலியாக இருந்தது.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தவை புரியும். பணம் இழந்தவர் 1930 என்ற உதவி எண்ணை அழைக்கிறார், அல்லது தளத்தில் புகார் பதிகிறார். புகார் உடனே அவருடைய வங்கிக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அது முதல் அடுக்கு. அங்கிருந்து சிதறிய கணக்குகள் இரண்டாம் அடுக்கு, பிறகு மூன்றாவது, நான்காவது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்த வங்கி பணத்தை நிறுத்தி வைக்கிறது. மோசடிக்காரன் பணத்தை ஏ.டி.எம்.மில் எடுப்பதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் வேகம் அவசியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. நிறுத்தச் சொல்வது ரூ.22,000-ஐ, வங்கி பூட்டுவது ரூ.3.8 லட்சத்தை. சந்தேகத் தொகைக்கு மட்டும் லியன் போடும், அதாவது அதை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்தும் வசதி வங்கி மென்பொருளிலேயே இருக்கிறது. முழுக்கப் பூட்டுவது கிளைக்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

பணம் வந்த வழி

ரூ.22,000 யாருடையது என்று தேட லாட்ஜின் நீளமான கோடு போட்ட ரெஜிஸ்டர்தான் உதவியது. அறை எண், பெயர், ஊர், போன், ஆதார், மருத்துவமனை எண் என்று கட்டங்கள். செப்டம்பர் பக்கத்தில் அந்தத் தேதிக்கு நேராக ஒரு பெயர். அறை வாடகை நாளுக்கு ரூ.600, பன்னிரண்டு நாள், ரூ.7,200. ஓரத்தில் பென்சிலில், "22 வந்தது, கேஷ் 14,800 குடுத்தாச்சு".

இதை முதல் நாள் அவர் சொல்லவில்லை. ரெஜிஸ்டரைப் புரட்டும்போது நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். வெளியூர் நோயாளிகளுக்கு ரொக்கம் தேவைப்படுவதும், ஊரிலிருந்து லாட்ஜ் கணக்குக்குப் பணம் போடச் சொல்லி மீதியைக் கையில் வாங்கிக்கொள்வதும் அந்தத் தெருவில் சர்வசாதாரணம். "பாவம் சார், ஆபரேஷனுக்கு வந்தவங்க. கமிஷன்கூட வாங்கல" என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விசாரணை அதிகாரியின் கண்ணுக்கு, திருட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ரொக்கமாக மாற்றிக் கொடுத்தவர் என்றே இது தெரியும். அந்த ஓட்டையைத்தான் மோசடிக் கும்பல்களும் தேடுகின்றன.

தங்கியவரை ரெஜிஸ்டரில் இருந்த எண்ணில் அழைத்தோம். வங்காளம் தெரிந்த ரிசப்ஷன் பையன் பேசினான். அண்ணன் ஊரில் ஒரு ரீசார்ஜ் கடையில் ரூ.22,000 ரொக்கமாகக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். கடைக்காரன் கமிஷன் எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த எவனுடைய கணக்கிலிருந்தோ அனுப்பியிருக்கிறான். கடைக்காரன் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டின் படத்தை அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். புகார் கொடுத்தவர் போலிப் பங்குவர்த்தகச் செயலியில் பணம் இழந்த, வேறொரு மாநிலத்து ஓய்வூதியர். மூன்றாம் அடுக்கில் அந்தப் பணத்தின் ஒரு துண்டு வேலூருக்கு வந்து சேர்ந்திருந்தது.

லாட்ஜ் கேமராவில் பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும். ரொக்கம் கைமாறிய காட்சி அழிந்திருந்தது. எனவே பென்சில் குறிப்பும், அன்று வங்கியில் எடுத்த ரொக்கத்துக்கான பாஸ்புக் பதிவும், தங்கியவரின் மருத்துவமனை அனுமதிச் சீட்டு நகலும்தான் மிஞ்சிய சான்றுகள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நேரில் போக வேண்டாம் என்பது முதல் முடிவு. அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் முழு விளக்கமும் ஆவண நகல்களும் அனுப்பினோம். பதிலாக வந்தது நோட்டீஸ் அல்ல, ஒரு போன் அழைப்பு. பேசியவர், ரூ.22,000-ஐப் புகார்தாரருக்குப் போட்டுவிட்டால் என்.ஓ.சி. அனுப்புவதாகச் சொன்னார். மனுதாரர் தயாராகிவிட்டார். தினமும் லாட்ஜ் ஓட வேண்டும், மூன்றே முக்கால் லட்சம் பூட்டிக் கிடக்கிறது, இருபத்திரண்டாயிரத்தோடு தொல்லை ஒழிந்தது என்ற அவர் கணக்கில் தவறில்லை. ஆனால் அழைப்பு வந்த எண் அந்த மாநிலக் காவல்துறையின் இணையப் பக்கத்தில் இருந்த எண் அல்ல. உண்மையிலேயே காவல்துறைதான் என்றாலும், எழுத்தில் எதுவும் இல்லாமல் கட்டும் பணம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பிறகு படிக்கப்படும். எழுத்தில் கேளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினோம். அதன்பின் அந்த அழைப்பு வரவில்லை.

எந்த நீதிமன்றம் என்பது அடுத்த கேள்வி. வங்கிக் கணக்கும் காவல்துறை கைப்பற்றக்கூடிய சொத்துதான் என்று தபஸ் நியோகி வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைப்பற்றும் அதிகாரத்தைத் தந்த, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 102, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 106 ஆகியிருக்கிறது. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தெரிவிக்க வேண்டும் என்பது அதன் உட்பிரிவு 3. பொருளைத் திருப்பிக் கேட்க பிரிவு 503-இல் அந்த நடுவரையே அணுகலாம். சட்டப் புத்தகத்தின்படி அதுவே நேர்வழி. ஆனால் அந்த நடுவர் இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருக்கிறார். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டும், மொழி தெரியாது. நடுவருக்கு அறிக்கை போனதா என்பதற்கும் பதில் இல்லை.

அறிக்கை போகாததை மட்டுமே பிடித்துக்கொண்டு வாதாடலாமே என்று இளம் வழக்கறிஞர் ஒருவர் கேட்டார். 2024 மே மாதம் ஷென்டோ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலைக் குறுக்கிவிட்டது. நடுவருக்குத் தாமதமாகச் சொன்னதாலேயே முடக்கம் செல்லாததாகிவிடாது. தாமதத்துக்கு அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும், தவறினால் துறை நடவடிக்கை, அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி தரும் அரசமைப்புச் சட்டம் உறுப்பு 226. முடக்கச் சொன்ன அதிகாரி வேறு மாநிலத்தில் இருந்தாலும், வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்திருந்தால் சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது 226(2). கணக்கு வேலூரில், பூட்டிய கிளை வேலூரில், நின்றுபோன தொழிலும் வேலூரில். அதோடு 2024 செப்டம்பரில் இதே போன்ற ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வழி காட்டியிருந்தது. தெலங்கானா காவல்துறை கேட்டதால் ஒரு வருடத்துக்கு மேல் முழுக்க முடங்கியிருந்த கணக்கு அது. எவ்வளவு தொகை, எத்தனை காலம் என்று சொல்லாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவது தொழில் செய்யும் உரிமையையும் வாழ்வாதாரத்தையும் மீறுவது என்று சொல்லி, ரூ.2.5 லட்சத்தை மட்டும் லியனில் வைத்துக்கொண்டு மீதியை இயக்க நீதிமன்றம் அனுமதித்தது.

ரொக்கம் கொடுத்த கதையை மனுவில் சொல்வதா என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. மனுதாரரின் மகன் சொல்ல வேண்டாம் என்றார். வாடகை என்று மட்டும் போட்டால் போதும், யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவர் வாதம். அதை நான் ஏற்கவில்லை. ரிட் என்பது நீதிமன்றம் தன் விருப்புரிமையில் தரும் நிவாரணம். முக்கியமான ஒன்றை மறைத்தது தெரிய வந்தால் வேறு எதையும் பார்க்காமல் தள்ளுபடி செய்வார்கள். தவிர, பன்னிரண்டு நாள் வாடகை ரூ.22,000 என்றால் எந்த நீதிபதியும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார். பென்சில் குறிப்போடு அந்தப் பக்கத்தின் நகலையே ஆவணமாக வைத்தோம்.

மனுவில் கேட்டது

கணக்கை முழுமையாக விடுவிக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. மனுதாரர் குற்றமற்றவர் என்று அறிவிக்கவும் கேட்கவில்லை. ரூ.22,000-ஐத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், மீதியை இயக்க விடுங்கள், விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம். கேட்டது இவ்வளவுதான். பணம் இழந்த ஓய்வூதியரும் ஒரு மனிதர், அவர் பணத்தில் ஒரு துண்டு இந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை மறுத்து வாதாடினால் வழக்கு சாட்சி விசாரணை அளவுக்கு நீண்டுவிடும். ரிட்டில் அதற்கு இடமில்லை.

வாதங்களில் உறுப்பு 19(1)(g)-யின் தொழில் உரிமையும், 1985-இன் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பிலிருந்து வாழ்வாதாரத்தைத் தன்னுள் கொண்ட உறுப்பு 21-இன் உயிர் வாழும் உரிமையும் வழக்கமாக வருபவை. இவற்றோடு உறுப்பு 300A-யையும் சேர்த்தோம். சொத்துரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்தில் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து வெளியேறி, சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்ற வடிவில் அங்கே நிற்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒற்றை வரிக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாக விரித்துச் சொன்னது. அறிவிப்புப் பெறுவது, ஆட்சேபத்தைக் கேட்கச் செய்வது, காரணத்தோடு கூடிய முடிவைப் பெறுவது ஆகியவை முதல் மூன்று. அது நிலம் கையகப்படுத்தல் வழக்கு. வங்கிக் கணக்கின் தற்காலிக முடக்கத்துக்கு அப்படியே பொருந்தாது என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் பிரிவு எண்கூட எழுதாமல் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதைச் சட்டத்தின் அதிகாரம் என்று எப்படி அழைப்பது என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பின் துணையோடு கேட்க முடிந்தது.

வங்கியை முதல் எதிர்மனுதாரராகச் சேர்த்தோம். கிளையின் ஒரு பக்கப் பதிலில் பிரிவுக்கான இடம் காலியாக இருந்தது எங்களுக்குச் சாதகமாக அமைந்தது.

உத்தரவும் அதன் பிறகும்

2025 தொடக்கத்தில் மனு விசாரணைக்கு வந்தது. காவல் நிலையத்தின் சார்பில் யாரும் வரவில்லை. வங்கியின் வழக்கறிஞர், நீதிமன்றம் சொன்னால் செய்துவிடுகிறோம் என்ற அளவில் நின்றார். சந்தேகத் தொகைக்கு மட்டும் லியன் வைத்துக்கொண்டு கணக்கை இயக்க அனுமதிக்க வேண்டும், மனுதாரர் விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும், காவல்துறை சட்டப்படி மேல்நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்று உத்தரவிட்டு மனு முடித்துவைக்கப்பட்டது.

உத்தரவு வந்த அன்றே கணக்கு திறக்கவில்லை. இணையத்தில் ஏறிய நகல் போதாது, சான்றளித்த நகல் வேண்டும் என்றது கிளை. அதைக் கொடுத்த பிறகு தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. அவமதிப்பு வழக்கு குறித்து ஒரு கடிதம் போன பின்பே ஃப்ரீஸ் நீங்கியது. முதல் வேலையாக அடகு நகை மீட்கப்பட்டது.

இடைப்பட்ட மாதங்களில் ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டியதால் அறைகள் சில காலியாகவே கிடந்தன. அந்த இழப்பை யாரிடமும் கேட்க வழி தெரியவில்லை என்கிறார் மனுதாரர். கிளையின் மீது நுகர்வோர் ஆணையத்தில் போகலாம் என்று சொன்னேன். நடப்புக் கணக்கு வணிகப் பயன்பாடு என்ற ஆட்சேபம் வரும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் போகவில்லை.

அதே தெருவில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் இதே கதி நேர்ந்தது. சந்தேகத் தொகை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. கணக்கில் இருந்தது சில ஆயிரம். அவர் அதை அப்படியே விட்டுவிட்டு மனைவி பெயரில் வேறு வங்கியின் கியூஆர் அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். உயர் நீதிமன்றம் திறந்துவிடும் இந்த வழி ஒரு லாட்ஜ்காரருக்குக் கட்டுப்படியாகும், டீக்கடைக்காரருக்குக் கட்டாது. நான் பார்த்தவரை இப்படி விடப்பட்ட கணக்குகள்தான் அதிகம்.

இன்று இதே மனு எழுதினால்

ஒரு வாதம் கூடுதலாகச் சேரும். பிரிவு 106 சான்றாகவோ சந்தேகப் பொருளாகவோ ஒன்றைக் கைப்பற்றுவதற்கு. குற்றத்தின் மூலம் வந்த பணத்தை முடக்க வேண்டுமானால் அதற்கென்று புதிய சட்டத்தில் பிரிவு 107 இருக்கிறது. அதன்படி காவல்துறை நீதிமன்றத்தை அணுக வேண்டும், நீதிமன்றம் 14 நாளில் காரணம் காட்டச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். 106-ஐக் காட்டி 107-இன் வேலையைச் செய்ய முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. சென்னையில் அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆனால் எடுத்துக்காட்டத் தகுந்தது. அதை முதன்மை வாதமாக வைப்பேனா என்றால் மாட்டேன். தொகையை வரையறுத்துக் கேட்பதே விரைவில் நிவாரணம் தருகிறது. 107 வாதம் மாற்றுக் கோரிக்கையாகப் பின்னால் நிற்கட்டும்.

வங்கிக்கான நான்கு கேள்விக் கடிதம் முதல் நாளே போக வேண்டும், கூடவே சம்பளம், வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டுமாவது கணக்கை இயக்க அனுமதி கேட்கும் வரியும். கேமராப் பதிவைத் தனியே சேமிக்கச் சொல்வதும் அன்றே நடக்க வேண்டும்.

லாட்ஜில் நடைமுறை மாறியிருக்கிறது. ரெஜிஸ்டரில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. பணம் அனுப்பியவர் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் அதில் வருகின்றன. தங்குபவரின் பெயரும் அனுப்புபவரின் பெயரும் வேறாக இருந்தால் உறவுமுறையைக் கேட்டு எழுதுகிறார்கள். வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் ரொக்கமாகத் தருவதில்லை, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புகிறார்கள். வரவுக்கு ஒரு கணக்கு, செலவுக்கு வேறொரு வங்கியில் ஒரு கணக்கு, இரவில் வரவுக் கணக்கிலிருந்து மாற்றம். இந்த இரண்டாவது ஏற்பாட்டில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பணம் ஓரடுக்கு நகர்ந்தால் அடுத்த முடக்கம் இரண்டாவது கணக்கையும் தொடலாம். மனுதாரர் தணிக்கையாளர் சொன்னபடிதான் செய்கிறார்.

ரூ.22,000 இன்னும் லியனில் இருக்கிறது. அதைக் கேட்டு அந்த மாநில நடுவரிடம் போக மனுதாரருக்கு விருப்பமில்லை. புகார்தாரருக்குத் திருப்பித் தர ஆட்சேபமில்லை என்று எழுதிக் காவல் நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை.